பட்டியலில் இல்லாத சத்தம்

லிப்ட் முதல் தடவை அந்தச் சத்தத்தைப் போட்டபோது தையல்காரரும் அவர் மனைவியும் அதற்குள்ளேதான் நின்றிருந்தார்கள். ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் வரும்போது, "கிர்ர்ர்ர்… டொக்" என்றது.

தையல்காரர் நாற்பத்தைந்து வருடம் தையல் மிஷினோடு குடும்பம் நடத்தியவர். ஊசி மழுங்கினால் ஒரு சத்தம், பாபினில் நூல் சிக்கினால் ஒரு சத்தம், எண்ணெய் வற்றினால் ஒரு சத்தம் என்று காதை வைத்தே பிழைத்தவர். இது எண்ணெய் கேட்கிற சத்தம் இல்லை, தேய்ந்துபோன ஏதோ ஒன்று இரும்பில் உரசுகிற சத்தம் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"என்னங்க அது?" என்றாள் மனைவி, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல. லிப்டுக்கு வயசாகுது."

"உங்களுக்குந்தான் ஆகுது. நீங்க போடாத சத்தமா. பயந்தா நான் குடும்பம் நடத்தியிருக்க முடியுமா."

வாயில் இப்படிப் பேச்சு இருந்ததே தவிர, அந்த அம்மாளின் உடம்பில் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வீடு ஏழாம் மாடி. படிகள் நூற்று இருபத்தாறு. தையல்காரர் எண்ணி வைத்திருக்கிறார். போகும்போது ஒருவேளை பிடித்துப் பிடித்து இறங்கிவிடலாம். திரும்பி வரும்போது அந்த அம்மாளுக்கு நிற்கவே கால் வராது. லிப்ட் நின்றால் ஆஸ்பத்திரி நின்றது. ஆஸ்பத்திரி நின்றால் என்ன நிற்கும் என்பதை ஒரு நர்ஸ் தையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டில் தெரியும்.

அரசாங்கக் குடியிருப்பு அது. லிப்டுக்கென்றே ஒரு மெக்கானிக் உண்டு. கீழே படிக்கட்டுக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அம்மா வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும்தான் இருந்தது. தையல்காரர் சத்தத்தைச் சொல்லிக் காட்டியதும் அவன் தலையாட்டினான்.

"கைடு ஷூ போயிடுச்சுண்ணே. கூண்டு ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வழுக்கிப் போகுதுல்ல, அந்தப் பிடிக்கிற கட்டைக்குத்தான் ஷூன்னு பேரு. தேஞ்சிருக்கு. இப்படியே ஓட்டினா ஒரு நாள் நடுவுல மாட்டிக்கும்."

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்."

"சாமான் இருக்கா?"

ஸ்பேனர் பையைத் திறந்து காட்டினான். புது ஷூ ஒரு ஜோடி, உறை பிரிக்காமல் இருந்தது.

"அப்புறம் என்ன, வா."

"புகார் வேணும்ணே. புகார்ல சத்தம் உறுதியாகணும். அது ஆகாம நான் கூண்டு மேல ஏறினா என் வேலை கீழ இறங்கிடும்."

தையல்காரர் அதைக் கிண்டல் என்று நினைத்தார். வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போன பிறகுதான் அது விதி என்று தெரிந்தது. புகார்ப் படிவத்தில் ஆறாவது கட்டம்: 'ஒலி'. அவர் 'கிர்ர்ர்ர்… டொக்' என்று எழுதி நீட்டினார். கவுண்டரில் இருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு, அழுகிய பழத்தைத் தள்ளுவதுபோல விரல்நுனியால் திருப்பித் தள்ளினார்.

"பெரியவரே, இது பட்டியல்ல இல்ல."

"எந்தப் பட்டியல்ல?"

எழுத்தர் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். 'அங்கீகரிக்கப்பட்ட ஒலிகள், இருநூற்றுப் பன்னிரண்டு.' இந்தப் புத்தகம் வந்த கதையைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது எதுவும் புரியாது.

அந்தக் குடியிருப்பில் பதினொரு பாஷைக்காரர்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் மூன்றாம் மாடியில் ஒரு பொதுக்குழாய் ஒழுகியது. ஒருவர் 'சொட் சொட்' என்று புகார் எழுதினார். இன்னொருவர் 'டப் டப்' என்று எழுதினார். மூன்றாமவர் பாஷையில் அது 'ப்ளிக் ப்ளொக்'. நான்காமவர் பாஷையில் 'பொத்த பொத்த'. அலுவலகம் நாலு சத்தத்துக்கும் நாலு பிளம்பர்களை அனுப்பியது. நாலு பேரும் ஒரே குழாயை ஆளுக்கு ஒரு பக்கம் திருக, குழாய் கையோடு வந்துவிட்டது. மூன்று மாடி நனைந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு குழாய் வாங்கி மாட்டியிருப்பார்கள். அரசாங்கம் ஒரு வாரியத்தை அமைத்தது. ஒரு பொருளுக்கு ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கு ஒரு சொல், அதை எல்லா பாஷைக்காரர்களும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குப் பெயர் ஒலிச்சொல் ஒருமைப்பாட்டு வாரியம். அந்தக் குழாய் இன்னும் மாட்டப்படவில்லை. அது என்ன சத்தம் போட்டது என்பது பரிசீலனையில் இருக்கிறது.

"லிப்டுக்கு ரெண்டு ஒலிதான் இருக்கு" என்றார் எழுத்தர். "போகும்போது உய்ங். வந்து சேர்ந்தா டிங். ரெண்டுல ஒண்ணைப் போடுங்களேன். டிங் போடுங்க, நல்லாயிருக்கும்."

"தம்பி, டிங்னா வந்து சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். இது வந்து சேரலைன்னுதானே நான் வந்திருக்கேன்."

"அப்ப புது ஒலி. வாரியத்துக்குப் போங்க."

வாரியக் கட்டடம் ஐந்து மாடி. சத்தத்துக்கான அலுவலகத்தில் சத்தம் கூடாது என்று எல்லோரும் ரப்பர் செருப்புப் போட்டு நடந்தார்கள். வராந்தாவில் வரிசையாக அறைகள்: நாய்ப் பிரிவு, மழைப் பிரிவு, பாத்திரம் விழுதல் பிரிவு. தையல்காரர் பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூன் தும்மினார். உடனே மூன்று கதவுகள் திறந்து மூன்று அதிகாரிகள் நோட்டோடு வெளியே வந்தார்கள்.

"ஹச்" என்று எழுதினார் ஒருவர்.

"அப்ச்சி" என்றார் இரண்டாமவர். "தெளிவா கேட்டது."

"ரெண்டு பேருமே தப்பு. அட்டிஷூ" என்றார் மூன்றாமவர்.

பியூன் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். "துடைக்காதே. அது ஆதாரம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மனிதர் மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எதிர் அறையில் சேவல் பிரிவு. அங்கே கூண்டில் ஒரு சேவல் நின்றது. பதினோரு வருடமாக விசாரணை நடக்கிறதாம். இது நான்காவது சேவல். ஒரு பாஷைக்காரர்கள் அது 'கொக்கரக்கோ' என்கிறது என்றார்கள். இன்னொரு பாஷைக்காரர்கள் 'கிக்கிரிகி' என்றார்கள். மூன்றாவது கட்சிக்காரர்கள் 'கோக்கொரிக்கோ' என்று சொல்லி இரண்டு தடவை வெளிநடப்புச் செய்திருந்தார்கள். தையல்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேவல் கழுத்தை நீட்டி அருமையாக ஒரு தடவை கூவியது. யாரும் நிமிரவில்லை.

"சார், கூவுதே" என்றார் தையல்காரர்.

"கூவும்" என்றார் அந்த அதிகாரி, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "முடிவாகறதுக்கு முன்னாடியே கூவிடும். ஒழுக்கம் இல்லாத பிராணி."

இயக்குநரின் அறையில் தரையெல்லாம் கம்பளம். இயக்குநர் தடித்த மனிதர். ஒவ்வொரு சொல்லையும் முத்திரை குத்துவதுபோலப் பேசுகிறவர்.

"உட்காருங்க. நீங்க என்னவோ ஒரு சத்தம் கேட்டதா சொல்றீங்க. தப்பில்ல. பொதுமக்கள் கேட்கத்தான் செய்வாங்க. ஆனா நாங்க இல்லைன்னா அவங்கவங்க காதுக்கு வந்தபடி கேட்க ஆரம்பிச்சுடுவாங்க. சொல் முதல்ல, சத்தம் அப்புறம். சொல் இல்லாத சத்தத்தை ஒரு அரசாங்கம் எப்படி நம்பும், சொல்லுங்க?"

"நம்ப வேண்டாம் சார். வந்து கேட்டா போதும்."

"கேட்கறதா? நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு சத்தத்தைக்கூடக் காதால கேட்டு முடிவு பண்ணினது இல்ல. நேர்ல கேட்டா பாரபட்சம் வந்துடும்."

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். முந்தின நாள் லிப்டில் பதிவு செய்திருந்தார். அமுக்கினார். 'கிர்ர்ர்ர்… டொக்' என்று கணீரென்று கேட்டது.

இயக்குநர் மேஜைமேல் குனிந்து, போனை நாலு பக்கமும் பார்த்தார். "இது போனோட சத்தம்."

"இல்ல சார், லிப்டோட சத்தம். போன்ல புடிச்சேன்."

"எதுலேர்ந்து கேக்குதோ அதுதான் சத்தத்துக்குச் சொந்தக்காரன். எங்க சட்டத்தோட முதல் விதியே அதுதான். உங்க போன்ல பழுது இருந்தா போன் கடைக்குப் போங்க. அது எங்க துறை இல்ல." பிறகு கொஞ்சம் இரக்கம் வந்தவர்போல, "சரி, உங்க காது சரியா இருக்கான்னு முதல்ல பாத்துடலாம்" என்று இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார்.

ஒரு அட்டையில் மேகம்போல வளைந்து வளைந்து ஒரு உருவம். இன்னொன்றில் கூர்கூராக, உடைந்த கண்ணாடிபோல ஒரு உருவம்.

"இதுல ஒண்ணு பேரு பூபா. இன்னொண்ணு பேரு கிக்கி. எது எது?"

தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "இது காலர்" என்று வளைந்ததைக் காட்டினார். "இதுவும் காலர்தான். கத்தரி பிடிக்கத் தெரியாதவன் வெட்டினது."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "எந்த நாட்டுல, எந்த பாஷைக்காரனைக் கேட்டாலும் பெரும்பாலும் வளைஞ்சதைப் பூபாம்பான், கூரா இருக்கறதைக் கிக்கிம்பான். ஆராய்ச்சியில நிரூபணமானது. நீங்க அந்தப் பெரும்பாலானவங்கள்ல இல்ல. உங்க காது சந்தேகத்துக்குரியது. காது சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

காது சான்றிதழுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் லிப்ட் 'கிர்ர்ர்ர்… டொக்' என்றுதான் ஓடியது. டொக் மட்டும் நாளுக்கு நாள் பலமானது. மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் அது டொக் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. தையல்காரர் மருந்து வாங்கக் கடையில் நின்றதால் அந்த அம்மாள் தனியாகத்தான் ஏறியிருந்தாள்.

நாற்பது நிமிடம் உள்ளே இருந்தாள். தையல்காரர் ஐந்தாம் மாடிக் கதவில் வாயை வைத்து, "இந்தா, உட்காந்துக்க, நிக்காத" என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "கத்தாதீங்க, மூச்சு முட்டுது உங்க சத்தத்துல" என்று பதில் வந்தது. போகப் போகப் பதில் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பதிலே வரவில்லை.

ஸ்பேனர் அதற்குமேல் பொறுக்கவில்லை. மேலே மோட்டார் அறைக்கு ஓடி, கையால் சக்கரத்தைச் சுற்றி, கூண்டை மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டான். அந்த அம்மாள் மூலையில் முகமெல்லாம் வேர்வையாக உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க ஸ்பேனரின் தோளும் தையல்காரரின் தோளும் வேண்டியிருந்தது.

மறுநாளே ஸ்பேனருக்குக் கடிதம் வந்தது. 'ஒலி உறுதியாகாத நிலையில் தன்னிச்சையாக இயங்கியமைக்கு விளக்கம் தரவும். மீண்டும் நிகழ்ந்தால் பணிநீக்கம்.' அவன் அதைத் தையல்காரரிடம் நீட்டினான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தையல்காரர் கடிதத்தை மடித்து அவன் பையிலேயே வைத்தார்.

வெள்ளிக்கிழமை லிப்டை நம்பாமல், அந்த அம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேரும் நூற்று இருபத்தாறு படியும் தூக்கி இறக்கினார்கள்; திரும்பும்போதும் தூக்கித்தான் ஏற்றினார்கள். தையல்காரருக்கு அறுபத்தெட்டு வயது. மூன்றாம் மாடி வளைவில் அவர் முழங்கால் மடங்கியது. நாற்காலி சாய, ஸ்பேனர் பிடித்தான்.

"இன்னொரு தடவை இப்படித் தூக்கினா எனக்கு முன்னாடி நீங்க போய்ச் சேருவீங்க" என்றாள் மனைவி. "திங்கக்கிழமை நான் வரல. வீட்டுலயே கிடக்கறேன்."

"அதை நீ முடிவு பண்ணாத."

"பின்ன யாரு, வாரியமா?"

தையல்காரர் காது சான்றிதழோடு அன்றைக்கே வாரியத்துக்குப் போனார். இயக்குநரின் அறை வாசலில் உட்கார்ந்து, குழுவை அனுப்பும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உரத்த குரலில் சொன்னார். அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடத்தில் யாரும் அப்படிக் குரல் எழுப்பியதில்லை. எந்தப் பிரிவு அதைப் பதிவு செய்வது என்று தகராறு வந்துவிடும்போல இருந்ததால், மறுநாள் சனிக்கிழமையே குழுவை அனுப்ப இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

குழுவில் நாலு பேர். இயக்குநர், மழைப் பிரிவிலிருந்து குடையோடு ஒருவர், பாத்திரம் விழுதல் பிரிவு அம்மாள், மௌனப் பிரிவுக்காரர். மௌனத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. ஏதோ ஒரு பாஷையில் சத்தமே இல்லாத சத்தத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை ஏற்படுத்தினார்கள். வாரியத்தில் சுறுசுறுப்பான பிரிவு அதுதான்.

புகார் நிலுவையில் உள்ள லிப்டில் குழுவினர் ஏறக்கூடாது என்பது விதி. ஆகையால் நாலு பேரும் படியேறினார்கள். ஏழாம் மாடிக்கு வந்தபோது இயக்குநரின் மூச்சு தனியாக ஒரு பிரிவு வைக்கிற அளவுக்கு இரைந்தது. தையல்காரர் வீட்டிலிருந்து நாலு நாற்காலி வந்தது. லிப்ட் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். ஸ்பேனர் பொத்தானை அமுக்கினான்.

லிப்ட் காலியாகக் கீழே போனது. காலியாக மேலே வந்தது. உய்ங் என்றது, டிங் என்றது. பதினாலு தடவை போய் வந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

"பிரமாதம்" என்று மௌனப் பிரிவுக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"ஆள் ஏறணும் சார்" என்றான் ஸ்பேனர். "எடை இருந்தாத்தான் ஷூ உரசும். நீங்க ஒருத்தர் ஏறினாலே போதும்."

இயக்குநர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "புகார்ல உள்ள லிப்டுல ஏறக்கூடாது. ஏறாத லிப்ட் சத்தம் போடல. சத்தம் போடாததுக்குப் புகார் இல்ல. கோப்பை மூடிடலாம்."

நாலு பேரும் எழுந்தார்கள். வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மனைவியைத் தையல்காரர் பார்த்தார். அவள் முகம் லேசாக வீங்கியிருந்தது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

"நில்லுங்க சார்" என்றார். "நான் போட்டுக் காட்டறேன்."

அவர் தொண்டையைச் செருமினார். நாக்கை மேலே ஒட்டி, பல்லைக் கடித்து, அடிவயிற்றிலிருந்து எடுத்து, "கிர்ர்ர்ர்ர்ர்" என்று இழுத்து, முடிவில் முஷ்டியால் லிப்ட் கதவில் ஒரு குத்துவிட்டு "டொக்" என்றார். ஒரு மாதமாக வாரத்துக்கு ஆறு தடவை கேட்டு உள்ளே போன சத்தம். அப்படியே வெளியே வந்தது. ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ, "லிப்ட் மறுபடியும் மாட்டிக்கிச்சு, ஸ்பேனரைக் கூப்பிடுங்க" என்று கத்தினார்கள்.

குழுவின் முகம் மலர்ந்தது. பதினோரு வருடத்தில் ஒரு புகாருக்காக அவர்கள் நேரில் போய்க் கேட்ட முதல் சத்தம் இது.

"க்ராக்" என்றார் குடைக்காரர்.

"டொங் இருந்துச்சு. டொங்கை விட முடியாது" என்றார் பாத்திரம் விழுதல் அம்மாள்.

"நடுவுல ஒரு இடைவெளி வந்ததே, அது எங்களுது" என்றார் மௌனப் பிரிவுக்காரர்.

ஒரு மணிநேரம் வாதாடினார்கள். தையல்காரர் ஒன்பது தடவை போட்டுக் காட்டினார். கடைசியில் எந்த பாஷையிலும் இல்லாத, யார் வாயிலும் வராத ஒரு சொல்லுக்கு எல்லோரும் சம்மதித்தார்கள்: 'கர்டொங்'. இருநூற்றுப் பதின்மூன்றாவது ஒலி. இயக்குநர் அங்கேயே உத்தரவை எழுதி, முத்திரை குத்தி, தையல்காரரின் கையைக் குலுக்கிவிட்டுப் படியிறங்கினார்.

தையல்காரர் உத்தரவை ஸ்பேனரிடம் கொடுத்தார். ஸ்பேனர் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"என்னடா?"

"அண்ணே… நீங்களே படிங்க."

உத்தரவில் இப்படி இருந்தது: 'ஒலி: கர்டொங். ஒலி எழுப்பிய பொருள்: ஏழாம் மாடி, தையல்காரர். வயது: அறுபத்தெட்டு. மேற்படி பொருள் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் வைத்து, தேவைப்படும் பாகங்களைக் கழற்றிப் பழுது நீக்க லிப்ட் மெக்கானிக்குக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. லிப்ட்: ஒலி இல்லை. நலம்.'

தையல்காரர் தாளோடு படிக்கட்டுக்கு ஓடினார். கீழே வாரிய ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. உத்தரவின் அடியில் சின்ன எழுத்தில், மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் என்று இருந்தது.

அவர் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி மெதுவாக வந்து அவர் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

"பாகத்தைக் கழட்டலாம்னு போட்டிருக்கு தம்பி" என்றாள் ஸ்பேனரிடம். "நாக்குலேர்ந்து ஆரம்பி."

ஸ்பேனர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி மூன்றாவது தடவை படித்தான். பிறகு தையல்காரரை மேலும் கீழும் பார்த்தான், அலமாரி எந்த வாசல் வழியாகப் போகும் என்று பார்க்கிற மாதிரி.

"அண்ணே, பொருள் எங்க இருக்கோ அந்த இடத்துல வெச்சுன்னு போட்டிருக்கு. நீங்கதான் பொருள். நீங்க எங்க இருக்கணும்னு உத்தரவுல ஒண்ணும் இல்ல."

"அதனால?"

"கூண்டு மேல ஏறி உட்காருங்க."

அப்படித்தான் நடந்தது. ஸ்பேனர் கூண்டை ஏழாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, கதவைத் திறந்து, மேலே அவனுடைய ஸ்டூலைப் போட்டான். தையல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு நேரே கிரீஸ் பூசின கம்பிகள் தொங்க, அதன்மேல் உட்கார்ந்தார். அவர் காலைச் சுற்றி ஸ்பேனர் வேலை செய்தான். 'மேற்படி பொருளுக்கு' அரை அடி பக்கத்தில் இருந்த நட்டுகளைக் கழற்றினான். பழைய ஷூ ஒரு பக்கம் பிளேடு மாதிரி தேய்ந்திருந்தது.

"கீழ பாக்காதீங்க" என்றாள் மனைவி, வாசலில் இருந்து.

"பாக்கல."

"கம்பியைத் தொடாதீங்க."

"தொடல. நீ கொஞ்சம் சும்மா இருக்கியா, பழுது பாக்கற வேலை நடக்குது."

இருபது நிமிடம் என்று சொன்னது பதினெட்டில் முடிந்தது. ஸ்பேனர் நிறைவு அறிக்கையை அங்கேயே எழுதினான். 'பழுது நீக்கப்பட்ட பொருள்: தையல்காரர். மாற்றிய பாகம்: ஷூ, ஒரு ஜோடி. இப்போது ஒலி இல்லை.' வாரியத்தில் யாரும் இதைப் படித்துப் புருவத்தை உயர்த்தவில்லை. வயதானவருக்கு ஷூ மாற்றினால் சரியாகிவிடும் என்பது அவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை மூன்று பேரும் லிப்டில் ஏறினார்கள். ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் வரும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். உய்ங் என்று போய், டிங் என்று நின்றது. அந்த அம்மாள் தன் காலால் நடந்து ஆட்டோவில் ஏறினாள்.

இத்தோடு விட்டிருந்தால் வாரியம் வாரியமாக இருக்காது. அவர்கள் தீர்த்து வைத்த முதல் புகார் இது என்பதால் ஆண்டு விழாவில் தையல்காரரை மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"பதினோரு ஆண்டுகளாக எங்களைப் பார்த்து, என்ன சாதித்தீர்கள் என்று கேட்டார்கள்" என்று இயக்குநர் மைக்கில் முழங்கினார். "இதோ சாதனை. இந்தப் பொருள் ஒரு காலத்தில் கர்டொங் என்று அலறியது. லிப்ட் அலறுகிறது என்று அறியாமையால் பழி சொன்னார்கள். நாங்கள் லிப்டைத் தொடவே இல்லை. தொடாமலே தீர்த்தோம். எதையும் தொடாமல் தீர்ப்பதுதான் இந்த வாரியத்தின் பெருமை. இப்போது கேளுங்கள், எவ்வளவு அமைதி."

அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டது. மேடைத் திரையில் பல வருடத்துத் தூசி. தையல்காரர் அடக்கி அடக்கிப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. பிறகு ஒரு இருமல் இருமினார். ஆளை உலுக்குகிற இருமல். முன்வரிசையில் ஏழு அதிகாரிகள் நோட்டை எடுத்தார்கள்.

பத்து நாளில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. 'மேற்படி பொருளில் பழுது நீக்கிய பின்னும் ஒலி காணப்பட்டது. பொருள் அறுபத்தெட்டு ஆண்டுகள் பழையது. ஆயுள் முடிந்தது எனக் கருதி, மாற்றித் தரப் பரிந்துரைக்கப்படுகிறது. பயன்படுத்துபவர் கருத்தைக் கீழே எழுதி அனுப்பவும்.'

தையல்காரர் கடிதத்தைக் கிழிக்கப் போனார். மனைவி பிடுங்கிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ரொம்ப நேரம் யோசித்தாள். ஒரு பேனாவை உதறிப் பார்த்து, இன்னொரு பேனா எடுத்தாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்றார் தையல்காரர். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

"இருங்க. புதுசு எந்த மாடல்னு போடலையே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு லிப்ட் பொத்தானை அமுக்கப் போய்விட்டார், ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டினாள். போகிற வழியில் ஸ்பேனரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். ஸ்பேனர் அதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போட்டான்; அதனால்தான் நமக்குத் தெரியும்.

'மாற்ற வேண்டாம். இந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது.'